பெயில் ஆர்டருக்கும் சிறை வாசலுக்கும் நடுவே

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட நீதிமன்றங்களில் வழக்காடும் வழக்கறிஞர்களுக்கு,

உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். மனு அனுமதிக்கப்படுகிறது என்று நீதிபதி சொல்லிவிட்டால், ஜாமீன் மனுவைப் பொறுத்தவரை உங்கள் வாதம் முடிந்துவிடுகிறது. கைதானவரின் வீட்டாருக்கு அலைச்சல் ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஷூரிட்டி என்று உத்தரவில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காக ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, வி.ஏ.ஓ. சான்று, சில நேரம் தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்று என்று காகிதங்களைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு ஒரே நாளில் நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும். ஷூரிட்டிகளில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் உத்தரவுகளும் உண்டு. பட்டா வைத்திருப்பவர் எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொள்வார். வரச் சம்மதிப்பவரிடம் பட்டா இருக்காது. மகன் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் தம்பி வளைகுடாவிலும் இருக்கிற குடும்பம் ரத்த உறவுக்கு எங்கே போகும்? அதுவரை ஆள் கிளைச் சிறையிலோ திருச்சி மத்தியச் சிறையிலோ கிடக்கிறார். வெளியே விடலாம் என்று நீதிமன்றமே முடிவு செய்த பிறகு ஒருவர் உள்ளே கழிக்கும் ஒவ்வொரு நாளும் எந்த நியாயமும் சொல்ல முடியாத நாள். இதைத் தீர்ப்பதற்கென்று ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் ஓர் அலுவலர் வேண்டும். அவரைக் கேட்டு வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

நீதிபதிகள் ஏன் இவ்வளவு காகிதம் கேட்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கைதானவரை முதன்முதலாக ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது மாஜிஸ்திரேட்டின் மேஜையில் முதல் தகவல் அறிக்கை இருக்கும், கைதுக் குறிப்பு இருக்கும், காவலில் வைக்கக் கோரும் போலீசாரின் மனு இருக்கும், மருத்துவச் சான்று இருக்கும். எல்லாமே சம்பவத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பேசுபவை. அந்த ஆள் எத்தனை வருஷமாக அதே தெருவில் குடியிருக்கிறார், அவர் சம்பாத்தியத்தை நம்பி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இதற்கு முன் ஏதாவது வழக்கில் வாய்தா தவறாமல் வந்தாரா என்று சொல்ல ஒரு காகிதமும் கிடையாது. தலைமறைவாகிவிடுவார், சாட்சிகளைக் கலைப்பார் என்று அரசுத் தரப்பு எழுதும். நிரந்தர முகவரி உள்ளவர், ஓடிப்போக மாட்டார் என்று நீங்கள் எழுதுவீர்கள். இரண்டுமே மனுவுக்கு மனு மாறாத வாசகங்கள். எதையும் சரிபார்க்க வழியில்லாத நீதிபதி, ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியாததால் வேறொருவரின் சொத்தைப் பொறுப்பாக்கி வைக்கிறார். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர் கையில் வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை.

இந்தக் குறையை நியூயார்க்கில் 1961இல் சரிசெய்து பார்த்தார்கள். லூயி ஷ்வைட்சர் என்ற தொழிலதிபரும் ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்ற பத்திரிகையாளரும் தொடங்கிய வேரா அறக்கட்டளை, மன்ஹாட்டன் நீதிமன்றத்துக்குச் சட்ட மாணவர்களை அனுப்பியது. மாணவர்கள் கைதானவர்களிடம் வேலை, குடும்பம், குடியிருக்கும் காலம், முந்தைய வழக்குகள் ஆகியவற்றைக் கேட்டார்கள். சொன்னதை உறவினரிடமும் முதலாளியிடமும் விசாரித்து உறுதி செய்தார்கள். ஊரில் வேரூன்றியவர் என்று தெரிந்தால் பணம் கட்டச் சொல்லாமல் விடுவிக்கலாம் என்று நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். கொடிய குற்றங்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள். முதல் இரண்டரை ஆண்டுகளில் அப்படி விடுவிக்கப்பட்ட 2,195 பேரில் வராமல் போனவர்கள் 15 பேர். அந்த அனுபவத்தை வைத்து 1966இல் அமெரிக்கக் கூட்டாட்சி ஜாமீன் சட்டம் திருத்தப்பட்டது. 1982இல் இதற்கான சேவையை அங்குள்ள எல்லாக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களுக்கும் கொண்டுசெல்லும் சட்டம் வந்தது. விசாரணைக்கு முந்தைய சேவை அலுவலர் என்பது இன்று அங்கே முழுநேர உத்தியோகம். முதல் ஆஜருக்கு முன்பே கைதானவரைச் சந்தித்து அறிக்கை தருவார். வெளியே வந்தவருக்கு வாய்தா தேதியை ஞாபகப்படுத்துவார். வேலையும் மருத்துவமும் தேவைப்பட்டால் வழிகாட்டுவார். தண்டிக்கும் வேலையும் துப்பறியும் வேலையும் அவருக்கு இல்லை.

இது அந்நிய நாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று தள்ளிவிட முடியாது. 1978இல் மோதி ராம் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே இதைத் தொட்டுவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்திருந்தது. கீழே மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டார். சகோதரர் முன்வந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி மறுத்தார். ஏழைக் கொத்தனாரிடம் இவ்வளவு கேட்பதும் வேறு மாவட்டத்துச் சொத்து ஆகாது என்பதும் தவறு என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அடுத்த ஆண்டு, பீகார் சிறைகளில் வருஷக்கணக்கில் கிடந்தவர்களுக்காக வந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி, பணத்தை விட்டுவிட்டு எவற்றைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலே போட்டார்: வசிக்கும் காலம், வேலை, குடும்பப் பிணைப்பு, நற்பெயர், முந்தைய வழக்குகள், அவருக்காக உத்தரவாதம் சொல்லக்கூடிய பொறுப்பான மனிதர்கள், வழக்கின் தன்மை. மன்ஹாட்டனில் மாணவர்கள் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய இவைதான். அங்கே கேட்பதற்கு ஆள் போட்டார்கள், இங்கே பட்டியல் தீர்ப்புத் தொகுப்பில் தங்கிவிட்டது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் தீர்ப்பே வராதவர்கள்.

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஷூரிட்டி தர முடியவில்லை என்றால் அவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்த ஜாமீனில் விட வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆம் பிரிவு. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத ஒருவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால் சிறைக் கண்காணிப்பாளர் தாமாக நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்கிறது 479. இவற்றைவிட நம் வாதத்துக்கு நெருக்கமானது 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். தீர்ப்புக்குப் பிறகுதான் நன்னடத்தை அலுவலருக்கு வேலை என்று பலரும் நினைக்கிறோம். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவோ, குற்றம் சாட்டப்பட்டவரின் சூழ்நிலையையும் வீட்டு நிலைமையையும் நீதிமன்றம் பணித்தபடி விசாரித்து அறிக்கை தருவதை அவருடைய கடமைகளில் முதலாவதாக வைக்கிறது. பிறகு 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் வெளியே போகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் நன்னடத்தை அலுவலரையோ சட்டத் தன்னார்வலரையோ கொண்டு அவருடைய சமூக, பொருளாதார நிலை பற்றி அறிக்கை வாங்கி, நிபந்தனையைத் தளர்த்தும்படி நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். ஒரு மாதமாகியும் பத்திரம் தரப்படாவிட்டால் நீதிமன்றமே முன்வந்து நிபந்தனையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். விடுதலை தாமதமாவதற்கு உள்ளூர் ஷூரிட்டி என்ற நிபந்தனை ஒரு காரணம் என்பதால் அதை விதிக்காமல் இருக்கலாம். விசாரணைக்கு முந்தைய சேவை அலுவலரின் வேலையில் பாதி இந்த உத்தரவுக்குள் வந்துவிட்டது.

மீதிப் பாதிக்காகத்தான் வாதிடுகிறேன். ஏழு நாள் கழித்து வரும் அறிக்கை, நடந்துவிட்ட தவறைத் திருத்தும் அறிக்கை. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் அன்றே அது கோப்பில் இருந்தால் இரண்டு ஷூரிட்டி என்ற வரி எழுதப்படாமலே போகலாம். கூலிக்காரருக்கு இந்த ஏழு நாள் சிறிய காலமல்ல. சின்ன வெங்காயம் அறுவடையாகும் வாரத்தில் உள்ளே இருந்தவருக்கு அந்தப் பருவத்தின் கூலி போய்விட்டது. தனியார் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர் ஏழு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் எட்டாம் நாள் அந்த இடத்தில் வேறு ஆள் இருப்பார். அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர் என்றால் அவருக்காக இங்கே கையெழுத்துப் போட ஆளே கிடையாது. வேலையும் இருப்பிடமும்தான் ஒருவரை வாய்தாவுக்கு வரவைக்கும் பிடிமானங்கள். அவர் ஓடிவிடக்கூடாது என்று போடும் நிபந்தனையே அந்த இரண்டையும் பறித்துவிடுகிறது.

நிபந்தனைகளையும் இங்கே பார்த்துவிட வேண்டும். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து, மறு உத்தரவு வரும் வரை என்று எழுதுவது பழகிப்போன ஒன்று. சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் வழக்கமாகத் திறக்கும். கோயிலை நம்பி பூ, எலுமிச்சை, தேங்காய், சூடம் விற்பவர்களின் வாரச் சம்பாத்தியம் அந்த இரண்டு நாளில் இருக்கிறது. காலை 10.30 மணி கூட்டம் நெரியும் நேரம். அந்த நேரத்தில் கடையைப் போட்டுவிட்டுக் காவல் நிலையம் போய்வந்தால் வியாபாரம் போச்சு. போகவில்லை என்றால் நிபந்தனை மீறல் என்று ஜாமீனை ரத்து செய்ய மனு வரும். புதன்கிழமை ஒரு நாள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுதுவதில் நீதிமன்றத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் அதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்ல, கைதானவரின் பிழைப்பு எந்தக் கிழமையில் இருக்கிறது என்று கேட்டு எழுதிய ஒரு மனிதர் வேண்டும். இந்த அலுவலரின் வேலை இவ்வளவு சின்ன விவரங்களில்தான் அடங்கியிருக்கிறது.

ஷூரிட்டி இல்லாமல் விட்டால் ஆள் வாய்தாவுக்கு வரமாட்டார் என்பதே நான் எதிர்பார்க்கும் முதல் ஆட்சேபம். ஷூரிட்டி இருந்தால் வந்துவிடுகிறாரா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கூலிக்குக் கையெழுத்துப் போடும் வாடகை ஷூரிட்டிகள் நாட்டின் பல நீதிமன்ற வளாகங்களில் இருப்பதை நீங்களே அறிவீர்கள். ஆளை முன்பின் தெரியாதவர் அவரை எப்படி வரவைப்பார்? உண்மையில் தெரிந்த ஷூரிட்டி தர முடியாத ஏழை உள்ளே இருக்கிறார், பணம் கொடுத்துத் தெரியாத ஷூரிட்டி பிடிக்க முடிந்தவர் வெளியே போய்விடுகிறார். வாய்தாவுக்கு வராதவர்கள் எல்லாம் தப்பியோடியவர்கள் என்ற எண்ணமும் சரியில்லை. தேதி மாறியது தெரியாது, வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துவிட்டார், அன்று பஸ்ஸுக்குக் காசில்லை என்பவையே பெரும்பாலும் காரணம். பிடிவாரண்ட் பிறந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரியும். நியூயார்க்கில் சம்மன் படிவத்தை எளிமையாக்கியும் செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பியும் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. தேதியைத் தெளிவாகக் காட்டும் புதிய படிவத்தால் வராதவர் எண்ணிக்கை 13 சதவீதம் குறைந்தது; குறுஞ்செய்தியால் 21 சதவீதம் குறைந்தது. முந்தின நாள் மாலை ஒரு போன் போட்டு நாளைக்கு உங்களுக்கு வாய்தா என்று தமிழில் சொல்வது, இரண்டு பேரின் வீட்டு வரி ரசீதைவிட நீதிமன்றத்துக்கு உபயோகமான உத்தரவாதம். வேண்டுமென்றே வராதவருக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஜாமீனில் சென்று ஆஜராகாமல் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் நற்பெயர், பொறுப்பான மனிதர்கள் என்று பகவதி எழுதினாரே, நம் கிராமங்களில் அந்த நற்பெயரை யார் தீர்மானிக்கிறார்கள்? காலனியைச் சேர்ந்த ஒரு இளைஞரைப் பற்றி ஊர்த்தெருவில் போய் விசாரித்தால் என்ன பதில் வரும் என்பது பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாததல்ல. எறையூரிலும் மலையப்ப நகரிலும் வாழும் நரிக்குறவர்கள் வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள்; நிலையான முகவரி என்ற அளவுகோலில் அவர்கள் தொடக்கத்திலேயே தோற்றுப்போவார்கள். பிறந்த சாதிக்காகவே மனிதர்களைத் தினமும் காவல் நிலையத்தில் ஆஜராக வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த மாநிலத்தில் 1947 வரை உயிரோடிருந்தது. அமெரிக்காவிலும் மதிப்பெண் போட்டு ஆபத்தை அளக்கும் முறை கறுப்பின மக்களுக்கு எதிராகச் சாய்கிறது என்ற விமர்சனம் வலுத்து, அம்முறையை ஆதரித்துவந்த அமைப்பே 2020இல் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆகவே மதிப்பெண் வேண்டாம், நடத்தை எப்படி என்ற கேள்வியும் வேண்டாம். சரிபார்க்கக்கூடிய உண்மைகள் மட்டும் இருக்கட்டும். நிலமில்லாதவரின் வேர்களும் காகிதத்தில் இருக்கத்தான் செய்கின்றன: நூறு நாள் வேலை அட்டை, மகளிர் சுய உதவிக் குழுவின் கடன் பாஸ்புக், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பதிவேடு, பத்து வருஷமாக அதே கடையில் பொருள் வாங்கும் ரேஷன் கார்டு. இவற்றை எந்த நீதிமன்றமும் ஷூரிட்டியின் சொத்தாக ஏற்காது. ஆனால் ஒருவர் இந்த மண்ணை விட்டுப் போக மாட்டார் என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி எது? அறிக்கை எழுதுகிறவர் ஒருவரிடம் மட்டும், அதுவும் ஊர்ப் பெரியவரிடம் மட்டும் கேட்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதிவிட வேண்டும்.

குற்றவியல் வழக்கறிஞர்களான உங்களுக்கு மூன்றாவதாக ஒரு கவலை எழ வேண்டும். எழாவிட்டால்தான் எனக்கு வருத்தம். கைதானவர் இந்த அலுவலரிடம் மனம்விட்டுப் பேசும்போது சம்பவத்தைப் பற்றியும் ஏதாவது சொல்லிவிட்டால்? போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. இந்த அலுவலர் போலீஸ்காரர் இல்லை என்பதால் அந்தக் காப்பு அப்படியே கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இந்தச் சேவையில் பெற்ற தகவலை ரகசியம் என்று வகுத்து, குற்றத்தை நிரூபிக்க அதைப் பயன்படுத்தவும் தடை போட்டிருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு தடை வேண்டும். அது வரும்வரை, சம்பவம் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, பேட்டியின்போது வழக்கறிஞர் உடனிருக்கலாம், அறிக்கையின் நகல் விசாரணைக்கு முன்பே கைதானவர் தரப்புக்குக் கிடைக்க வேண்டும் என்று நீதிமன்றத்திடம் உத்தரவு வாங்குவது உங்கள் கையில் இருக்கிறது. உதவிக்கு வந்தவர் காலப்போக்கில் கண்காணிப்பாளராக மாறும் அபாயமும் உண்டு. 2024 ஜூலையில் ஃபிராங்க் விட்டஸ் வழக்கில், கூகுள் வரைபடத்தில் இருப்பிடத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. வெளியே வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் பின்தொடர நிபந்தனைகள் வழிசெய்யக் கூடாது என்றது. அதை இந்த அலுவலருக்கும் எல்லையாக வைக்கலாம்.

பாதிக்கப்பட்டவர்கள் தரப்பிலிருந்தும் ஒரு நியாயமான அச்சம் வரும். சாதி வன்கொடுமை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் நாலே நாளில் அதே தெருவுக்குத் திரும்பி வந்து நிற்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்கச் சொல்கிறது; இந்த ஏற்பாடு அதை ஒரு துளியும் குறைக்காது. அறிக்கை முடிவெடுப்பதில்லை, நீதிபதிதான் முடிவெடுக்கிறார். தொடக்கத்தில் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களோடு நிறுத்திக்கொள்வதே சரி. 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு, கைதே அவசியமா என்று முதலில் கேட்கச் சொன்ன வழக்குகளும் அவைதான்.

ஆளுக்கும் பணத்துக்கும் எங்கே போவது என்பார்கள். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் திட்டம் 2023இல் வந்தது. வந்தபோது, ஜாமீன் தொகைக்காக ஒரு விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை அதில் வழங்க முடிந்தது. நல்ல திட்டம். ஆனால் நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும் தடங்கல் ரொக்கத்தில் இல்லை, காகிதத்தோடு வந்து நிற்கும் இரண்டு மனிதர்கள் கிடைப்பதில் இருக்கிறது. அதைப் பணத்தால் மட்டும் தீர்க்க முடியாது. நன்னடத்தை அலுவலர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பது மெய்தான். சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். மன்ஹாட்டனும் மாணவர்களை வைத்தே தொடங்கியது. என்றாலும் இதைக் கடைசிவரை தொண்டூழியமாகவே வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். சம்பளமும் பயிற்சியும் பதில் சொல்லும் பொறுப்பும் உள்ள உத்தியோகமாக இது ஆக வேண்டும். இல்லையென்றால் அறிக்கைகளும் நாளடைவில் மனுவுக்கு மனு மாறாத வாசகங்களாகிவிடும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் சங்கங்களின் அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசுங்கள். ஏழாண்டுக்கு உட்பட்ட வழக்குகளில் ஜாமீன் மனுவோடு சேர்த்தே, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கோரும் மனுவையும் தாக்கல் செய்வது என்று தீர்மானம் போடுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் தலைவர்களான முதன்மை மாவட்ட நீதிபதிகளிடம், ஏழு நாள் காத்திருக்காமல் ரிமாண்ட் அன்றே சட்டத் தன்னார்வலரைச் சிறைக்கு அனுப்பக் கேளுங்கள். அறிக்கைக்கு ஒரே பக்கத்தில் ஒரு படிவம் போதும்: குடியிருக்கும் காலம், உடன் வசிப்பவர்கள், வேலையும் அதன் நாட்களும், முந்தைய வாய்தா வருகை, தொடர்புகொள்ள இரண்டு தொலைபேசி எண்கள், சரிபார்த்த விதம். சாதி என்ற கட்டம் அதில் இருக்க வேண்டாம். படிவத்தின் வாசகத்தை உங்களில் குற்றவியல் பக்கம் நீண்டகாலம் நின்றவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும், ஏனென்றால் எந்தக் கேள்வி கட்சிக்காரரை மாட்டிவிடும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இதில் உடன்பாடில்லாதவர்கள் தங்கள் மறுப்பை எழுத்தில் தெரிவித்தால், அதையும் பொதுக்குழுவிலேயே வாசித்து விவாதிக்கலாம்.

மரியாதையுடன்,
சிறுவாச்சூரிலிருந்து, பெரம்பலூர் மாவட்டம்